தோட்டத்தில் தளம் போடுமுன்: சுவரோரத்து ஓர் அடியை என்ன செய்வது?

தோட்டத்தில் தளம் போட முடிவெடுத்தவர்கள் முதலில் பேசுவது கல்லைப் பற்றித்தான். கருங்கல்லா, பேவர் பிளாக்கா, வழவழப்பா, சொரசொரப்பா என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் கல் மாதிரிகளைப் பார்த்தேன். தளமும் சுவரும் சேரும் இடத்தைப் பற்றி மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை. கதவைத் திறந்தால் கால் தடுக்காமல் நேரே தளத்தில் நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வேலைக்கு வந்தவரும் சரி என்று தளத்தை உள்தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து, சுவரோடு ஒட்டிக் கலவையும் பூசி முடித்துவிட்டார். பார்க்க அருமையாக இருந்தது.

இரண்டாவது மழைக்காலத்தில் படுக்கையறை அலமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து நின்றது. விரலால் தொட்டதும் பூச்சு மாவாக உதிர்ந்தது. ஓதம் ஏறி நின்ற எல்லையில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்தச் சுவரின் வெளிப்பக்கம்தான் புதுத் தளம்.

எந்தக் கல் போட்டாலும் இது நடந்திருக்கும். அதனால் இங்கே கற்களை ஒப்பிடப் போவதில்லை. சுவரை ஒட்டிய அந்த ஓர் அடி அகலத்தை என்ன செய்யலாம் என்பதற்கு இருக்கும் வழிகளைத்தான் ஒப்பிடப் போகிறேன்.

முதலில் தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில், கிட்டத்தட்ட உள்தரை மட்டத்தில், ஓதத்தடுப்புப் பட்டை ஒன்று இருக்கும். கட்டட வேலையில் டிபிசி என்பார்கள். தார் பூசிய தாளோ, பிளாஸ்டிக் தாளோ, அடர்த்தியான கான்கிரீட் பட்டையோ, பழைய வீடுகளில் பலகைக்கல்லோ இருக்கலாம். மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சும் நீர் அதற்கு மேல் ஏறக் கூடாது என்பதற்காகப் போட்டது. சாதாரணச் செங்கல் தன் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே போடும் தளம் இந்தப் பட்டையைத் தாண்டி உயர்ந்தால், பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஈரம் பட்டையைச் சுற்றிக்கொண்டு தளம் வழியாகச் சுவரின் மேற்பகுதிக்குப் போய்விடும்.

தளம் பட்டைக்குக் கீழே இருந்தாலும் இன்னொரு சங்கதி உண்டு: தெறிப்பு. கெட்டியான தளத்தில் விழும் மழைத்துளி எழும்பிச் சுவரில் அடிக்கும். இதை நம்பாதவர்கள் ஒரு பலத்த மழைக்குப் பிறகு வெள்ளைச் சுவரின் அடியைப் பாருங்கள். மண் புள்ளிகள் எதுவரை ஏறியிருக்கின்றன என்று கையால் அளந்தாலே தெரியும். எங்கள் வீட்டில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. தளத்தின் மேல்மட்டம் டிபிசிக்குக் குறைந்தது 150 மி.மீ., அதாவது 6 இன்ச், கீழே இருக்க வேண்டும் என்ற விதி முக்கியமாக இந்தத் தெறிப்பை வைத்து வந்ததுதான். தெறிப்பு பட்டைக்குக் கீழேயே பட்டுக் காய்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

மூன்றாவது, வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. 4 மீட்டருக்கு 5 மீட்டர் தளம் என்றால் 20 சதுர மீட்டர். அதில் 10 மி.மீ. மழை பெய்தால் 200 லிட்டர் தண்ணீர். வாட்டம் வீட்டுப் பக்கம் இருந்தால் அந்த 200 லிட்டரும் சுவரடிக்கு வரும், ஒவ்வொரு மழைக்கும். வாட்டம் வீட்டை விட்டு வெளிப்பக்கமாக 60-க்கு 1 இருந்தால் நல்லது. 80-க்கு 1 என்பது வழவழப்பான கல்லுக்குப் போதும். மேடுபள்ளமான கல்லுக்கு 40-க்கு 1 கூடத் தேவைப்படும். 3 மீட்டர் நீளத்துக்கு 60-க்கு 1 என்றால் 5 செ.மீ. இறக்கம். மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது தெரியாது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதானாலும் அதற்கு முன் ஓர் அளவு எடுத்தாக வேண்டும்: டிபிசிக்கும் இப்போதைய மண் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? வெளிப்பூச்சு இல்லாத சுவரில் பட்டை ஒரு தடித்த இணைப்புக் கோடாகத் தெரியும். பூச்சு இருந்தால் தெரியாது. அப்போது உள்தரை மட்டத்தையே பட்டை மட்டமாக எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே 150 மி.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாகவே விட்டுக் கணக்குப் போடுங்கள். உள்தரையை வெளியே கொண்டுவர டியூப் லெவல் போதும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, நடுவில் தண்ணீர் நிரப்பிய குழாய். குழாயில் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தால்கூட மட்டம் தப்பாகக் காட்டும். முதலில் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு முழு மாலையை வீணாக்கினேன்.

வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் வழிகளை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

தளத்தையே கீழே இறக்குவது

இதுதான் நேர்மையான வழி. சுவரைத் தொட வேண்டியதில்லை, குழாய் வேண்டாம், பிற்காலத்தில் பராமரிப்பும் கிடையாது. தோண்டுவதுதான் இதில் இருக்கும் ஒரே சிரமம், அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை.

கணக்கைப் பாருங்கள். திமிசால் இடித்து இறுக்கிய ஜல்லி அடுக்கு 100 மி.மீ., அதன்மேல் கலவை 30 முதல் 40, கல் 40 முதல் 60. மொத்தம் சுமார் 170 முதல் 200 மி.மீ. கனம். தளத்தின் மேல்மட்டமே டிபிசிக்கு 150 கீழே இருக்க வேண்டும். அப்படியானால் பட்டையிலிருந்து கிட்டத்தட்ட 350 மி.மீ. ஆழத்துக்கு வெட்ட வேண்டும். மண் இப்போது பட்டைக்கு 100 மி.மீ. கீழே இருக்கிறது என்றால், வெட்ட வேண்டியது கால் மீட்டர். 20 சதுர மீட்டருக்கு அது 5 கன மீட்டர் மண். வெட்டிய மண் உப்பும். அள்ளிப்போடும்போது 6 கன மீட்டருக்கு மேல் வரும். இதைத் தோட்டத்தின் வேறு மூலையில் கொட்டலாம் என்று நினைக்கிறவர்கள், அந்த மூலை அப்புறம் ஒரு குன்றாகிவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய வீடுகளில் அடித்தளம் ஆழமில்லாமல் இருக்கும். எங்காவது ஓரிடத்தில் சின்னக் குழி வெட்டி, அடித்தளத்தின் அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்குக் கீழே வெட்டவே கூடாது. கதவுக்கு வெளியே ஒரு படியும் தேவைப்படும். படி வேண்டாம் என்றுதான் பலர் இந்த வழியைத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நடக்க முடிகிற யாருக்கும் ஒரு படி பெரிய விலை இல்லை. சக்கர நாற்காலி இருக்கும் வீட்டில் மட்டும் கதை வேறு; அதற்குக் கீழே வருகிறேன்.

இடைவெளி விட்டு ஜல்லி நிரப்புவது

மண்ணை அவ்வளவு இறக்க முடியாதவர்களுக்கு இதுதான் நான் சொல்லும் வழி. கடைசியில் நான் செய்ததும் இதுவே. தளத்தைச் சுவர் வரை கொண்டுவராமல் 200 முதல் 300 மி.மீ. முன்னால் நிறுத்திவிடுவது. அந்த இடைவெளியை டிபிசிக்கு 150 மி.மீ. கீழே இருக்கும் மட்டம் வரை வெட்டி, 20 மி.மீ. கூழாங்கல்லோ சுத்தமான முக்கால் இன்ச் ஜல்லியோ போடுவது. தளம் ஓரிரு இன்ச் உயரமாக இருந்தாலும் சுவரைத் தொடுவது ஜல்லிதான். ஜல்லியில் விழும் துளி சிதறிக் கீழே இறங்கும். கெட்டித் தளத்தில் எழும்பும் அளவுக்கு எழும்பாது. சுவரின் அடிப்பகுதிக்குக் காற்றும் படுகிறது, ஈரம் காய வழி கிடைக்கிறது.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. களிமண் நிலத்தில் வெட்டிய பள்ளம் ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும். மழைத் தண்ணீர் ஜல்லிக்கு அடியில் தேங்கி நின்றால், சுவரோரமாக நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலத்தான். சோதித்துப் பார்ப்பது எளிது: ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வரும்போது வடிந்திருந்தால் வெறும் ஜல்லி போதும். அப்படியே நின்றுகொண்டிருந்தால் அடியில் துளையிட்ட குழாய் வேண்டும். 100 மி.மீ. குழாய், துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்தபடி, 100-க்கு 1 வாட்டத்தில், சுற்றிலும் மண்ணை வடிகட்டும் ஜியோடெக்ஸ்டைல் துணி. குழாயின் மறுமுனை தோட்டத்தின் தாழ்வான பகுதிக்கோ, வீட்டிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி வெட்டிய உறிஞ்சுகுழிக்கோ போக வேண்டும். மறுமுனை எங்கே என்று யோசிக்காமல் குழாய் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது குழாயே இல்லை, புதைத்து வைத்த நீளத் தொட்டி.

பராமரிப்பு உண்டு. இலையும் மண்ணும் சில வருடங்களில் ஜல்லியின் இடுக்குகளை நிரப்பும், புல் முளைக்கும். அப்போது மேல் அடுக்கை அள்ளிக் கழுவிப் போட வேண்டியிருக்கும். தளத்தின் சுவர்ப்பக்க ஓரம் ஜல்லிக்குள் சரியாமல் இருக்க, ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதித்துப் பிடிக்க வேண்டும். இதை விட்டால் முதல் வரிசைக் கல் ஆடத் தொடங்கிவிடும்.

சுவரோரம் மூடி போட்ட வடிகால்

சேனல் ட்ரெயின் என்று சொல்கிறோமே, சல்லடை மூடியோடு வரும் நீள வாய்க்கால், அது. பார்க்க நேர்த்தியாக இருக்கும், கதவுக்கும் தளத்துக்கும் மட்ட வித்தியாசமே இல்லாமல் செய்யலாம். அதனால் சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ போய்வரும் கதவின் எதிரில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சுவரின் முழு நீளத்துக்கும் இதைப் போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாய்க்காலுக்கும் சுவருக்கும் நடுவில் எப்படியும் ஒரு விரல் அளவு கலவை இருக்கும், அது வெடிக்கும். வாய்க்கால் இலையால் அடைத்துக்கொண்டால் பெரும் மழையன்று நிரம்பி வழிவது நேராகச் சுவர்மீதுதான். தெறிப்பும் அப்படியே இருக்கும், சல்லடை மூடியிலும் துளி எழும்பத்தான் செய்யும். தண்ணீர் தானே வெளியே ஓடும்படி வாட்டம் வைத்திருந்தால், சுவரோரத்தில் வாய்க்காலுக்கு வேலையே இல்லை.

இதற்கு உண்மையான தேவை எங்கே என்றால், தோட்டம் வீட்டைவிட உயரமாக இருக்கும் இடத்தில். அங்கே தளத்துக்கு வெளிப்பக்க வாட்டம் கொடுக்க முடியாது. அப்போதும் வாய்க்காலைச் சுவரோரம் வைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். தோட்டத்திலிருந்து வரும் வாட்டம் அதில் முடியட்டும். சுவரிலிருந்து அந்த ஒரு மீட்டரும் எதிர்த்திசையில் அதை நோக்கியே சரியட்டும். வாய்க்கால் அடைத்தாலும் தண்ணீர் தளத்தின் நடுவில்தான் தேங்கும், சுவரடியில் தேங்காது.

சுவருக்கே கவசம் போடுவது

தளத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, சுவரின் வெளிப்பக்கத்தில் தார்ப்பூச்சோ நீர்ப்புகாப் பூச்சோ அடித்துவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். வேலை குறைவு என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. காரணம், பூச்சு தண்ணீரை நிறுத்துவதில்லை, அதன் பாதையை மாற்றுகிறது. மேல் விளிம்பில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் விட்டால் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கும்; பிறகு வெளியே காய வழியில்லாமல் உட்பக்கம்தான் வரும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர்களுக்கு இது இன்னும் மோசம். அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கிக் காற்றில் விட்டுத்தான் இத்தனை காலம் நின்றிருக்கின்றன.

தளம் தவிர்க்கவே முடியாமல் சுவரைத் தொடும் ஓரிடத்தில், உதாரணமாகப் படி வரும் இடத்தில், புடைப்புகள் உள்ள தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை நடுவில் நிறுத்துவது சரி. அந்தப் புடைப்புகளால் சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் காற்றிடைவெளி கிடைக்கும். மேல் விளிம்பைப் பட்டை வைத்து மூட வேண்டும். அது ஓரிடத்துக்கான துணை ஏற்பாடு, முழுச் சுவருக்கான தீர்வு இல்லை. சிலிகான் அடைப்பான் வைத்து இணைப்பை மூடுவதும் இதே ரகம். வெயிலில் சில வருடத்தில் விளிம்பு பிரிந்துவிடும், பிரிந்தது நமக்குத் தெரியாது.

நீர் உள்ளே இறங்கும் தளம்

இடுக்குகளில் பொடிஜல்லி போட்ட பேவர், புல் முளைக்கும் கட்டம் போட்ட கல் இவையெல்லாம் மழைநீரை மண்ணுக்குள் விடும். தெருவுக்கு ஓடும் நீரைக் குறைக்க நல்லது. அதனால் சுவருக்கும் நல்லது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது தானாக வருவதில்லை. மேலே தண்ணீர் நிற்கவில்லை என்றால் கீழே எங்கோ போகிறது என்று அர்த்தம். மேல்தளத்துக்கு மட்டும் வாட்டம் வைத்து, அடியில் வெட்டிய மண்ணைச் சமமாகவோ வீட்டுப் பக்கம் சரிவாகவோ விட்டிருந்தால், தண்ணீர் ஜல்லி அடுக்குக்குள் நுழைந்து நிதானமாக அடித்தளத்தை நோக்கி நகரும். யார் கண்ணிலும் படாது. இந்த வகைத் தளம் வேண்டுமென்றால் அடிமண்ணையும் வெளிப்பக்கமாகச் சரித்து வெட்டுங்கள், சுவரை ஒட்டிய முதல் மீட்டருக்கு ஜல்லிக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரித்து விடுங்கள். மணற்பாங்கான மண்ணில் இது நன்றாக வேலை செய்யும். களிமண்ணில் அடியில் குழாய் இல்லாமல் வேண்டாம்.

தூக்கி நிறுத்திய தளம்

மரப்பலகை மேடை, அல்லது உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்கள்மேல் கல்லை உட்காரவைப்பது. உள்தரைக்குச் சமமாகத் தளம் வேண்டும், மண்ணையும் வெட்ட முடியாது என்பவர்களுக்கு உண்மையிலேயே பொருந்தும் வழி இது. பலகைகளுக்கு இடையில் தண்ணீர் கீழே விழுந்துவிடும். அடியில் உள்ள மண் டிபிசிக்கு 150 மி.மீ. கீழே இருக்கிறதா, வீட்டை விட்டுச் சரிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மேடையைச் சுவரில் நேரடியாகப் போல்ட் போட்டு முறுக்காமல், தனிக் கால்களில் நிறுத்தி, சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

குறை என்னவென்றால், அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இலை குவியும், எலி குடியேறும். இரண்டு பலகைகளையாவது திருகாணி கழற்றித் தூக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மண் ஏற்கெனவே பட்டைக்கு ஓரடி கீழே இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, தளத்தை இறக்கிப் போடுங்கள். ஆறு இன்ச் சுற்றி இருந்தால் ஜல்லி இடைவெளி. அந்த ஆறு இன்ச்சுக்கு மேல் வெட்ட முடியாது, தளமும் உள்தரை மட்டத்தில் வேண்டும் என்றால் தூக்கி நிறுத்திய தளம். கதவு எதிரில் மட்டும் மட்டமாக வேண்டுமென்றால் அந்த ஒரு மீட்டருக்கு மூடிபோட்ட வடிகால், மீதிச் சுவருக்கு ஜல்லி. இப்படிக் கலந்து செய்வதில் எந்தத் தவறும் இல்லை. சுவருக்குப் பூச்சு அடிப்பதை மட்டும் தனி வழியாக எண்ணாதீர்கள்.

மரச்சட்டத்தின்மேல் தூக்கிக் கட்டிய உள்தரை இருந்தால், சுவரடியில் காற்றுத்துளைகள் இருக்கும். மேலே சொன்ன எந்த வழியிலும் அவை மூடப்படக் கூடாது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் தளத்தின்மேல் கொட்டினால், அதை முதலில் திருப்பி விடுங்கள். ஒரு முழுக் கூரையின் தண்ணீர் ஓரிடத்தில் விழும்போது வாட்டமெல்லாம் கதைக்கு ஆகாது.

வேலை முடிந்து ஆட்கள் கிளம்புமுன் ஹோஸ் பைப்பைத் திறந்து சுவரோரம் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும்; ஆட்கள் இருக்கும்போதே சரிசெய்வது சுலபம்.

ஏற்கெனவே தப்பாகப் போட்டுவிட்டவர்கள், என்னைப் போல, முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டிய அவசியமில்லை. வாட்டம் சரியாக வெளிப்பக்கம் இருந்தால், சுவரை ஒட்டிய ஒரு வரிசைக் கல்லை மட்டும் கட்டரால் வெட்டி எடுத்து, அடியில் உள்ள கலவையையும் தோண்டி, பட்டைக்கு 150 மி.மீ. கீழே வரை இறக்கி, ஜல்லி போட்டால் போதும். தளம் கட்டிய வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வெளிச்சுவரின் பூச்சு பட்டையைத் தாண்டி மண்வரை இறங்கியிருந்தால் அதையும் பட்டைக்கு மேலோடு வெட்டி நிறுத்துங்கள், அதுவும் ஈரத்துக்கு ஓர் ஏணிதான். நான் வெட்டியபோது கல்லுக்கு அடியில் இருந்த கலவை, கோடைக்காலமாக இருந்தும், கையில் பிழிந்தால் ஒட்டுகிற ஈரத்தில் இருந்தது.

பிறகு காத்திருக்க வேண்டும். ஓர் இன்ச் கனச் சுவர் காய ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 9 இன்ச் சுவருக்கு முக்கால் வருடம். அதுவரை உள்ளே பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைத்து, ஜன்னலைத் திறந்து விடுங்கள். உப்பு வெளியே வந்துகொண்டே இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும், காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். புதுப் பூச்சு அதற்கு அப்புறம்தான்.